ரெண்டும் கறுப்புக் கண்ணாடிதானே? என்டி ஃபில்டரும் சிபிஎல் ஃபில்டரும்

எனக்க மச்சினன் போன மாசம் குலசேகரத்துல இருந்து ஒரு கேமராவ தூக்கிட்டு வந்தான். செகண்ட் ஹேண்டுதான், ஆனா வித்த ஆளு பெரிய மனசு பண்ணி பேகு, டிரைபாடு, கூடவே ரெண்டு ஃபில்டரையும் டப்பாவோட குடுத்துருக்காரு. டப்பா மேல இருந்த எழுத்தெல்லாம் தேஞ்சு போச்சு. ரெண்டையும் மேசை மேல வச்சிட்டு "அத்தான், இதுல எது எது? ரெண்டும் கறுப்பாத்தான் கெடக்கு"ன்னு கேட்டான்.

நான் பதில் ஒண்ணும் சொல்லல. லேப்டாப்ப தொறந்து, ஸ்கிரீன்ல வெள்ளையா ஒரு பக்கத்த போட்டு, "ஒண்ண எடுத்து ஸ்கிரீனுக்கு முன்னால புடிச்சு பைய சுத்து"ன்னேன். சுத்தினான். எப்படி சுத்தினாலும் ஒரே இருட்டு, கூடவும் இல்ல கொறையவும் இல்ல. அடுத்தத எடுத்து, வெளிப்பக்கம் ஸ்கிரீன பாத்து இருக்குற மாதிரி புடிச்சு சுத்தினான், கால் சுத்து கூட முடியல, ஸ்கிரீன் அப்படியே கறுத்து அணைஞ்ச மாதிரி ஆயிட்டு. இன்னும் கொஞ்சம் சுத்தினா திரும்ப வெளிச்சம் வருது. "லேப்டாப் கேடாயிட்டா?"ன்னு பதறிட்டான்.

கேடெல்லாம் ஆகல. எல்சிடி ஸ்கிரீன்ல இருந்து வர்ற வெளிச்சம் ஒரே திசையில அதிர்ற வெளிச்சம், அத ஒருத்தன் திசை பாத்து தடுக்குறான், இன்னொருத்தன் திசையெல்லாம் பாக்குறதில்ல, யார் வந்தாலும் ஒரே அளவு கொறச்சுத்தான் உள்ள விடுவான். திசை பாக்காதவன் என்டி, அதாவது நியூட்ரல் டென்சிட்டி, பாக்குறவன் போலரைசர், நம்ம ஆளுங்க சிபிஎல்னு சொல்லுறது, சர்க்குலர் போலரைசர்ங்குறதோட சுருக்கம். பழைய டப்பாவ வாங்கினா இந்த லேப்டாப் டெஸ்ட் ஒண்ணு போதும். மொபைல் ஸ்கிரீன்லயும் பாக்கலாம், ஆனா சில மொபைல்ல கூலிங் கிளாஸ் போட்டவங்களுக்கும் தெரியணும்னு மேல ஒரு படலம் ஒட்டியிருப்பாங்க, அதுல சரியா கறுக்காது.

இந்தக் காலத்துல ஃபில்டர் எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு ஒரு விஷயம். ஃபிலிம் காலத்துல பேக் நிறைய கலர் கலரா ஃபில்டர் இருக்கும், மஞ்சள், ஆரஞ்சு, டியூப் லைட்டுக்கு ஒண்ணு, குண்டு பல்புக்கு ஒண்ணுன்னு. இப்போ அந்த வேலை பூரா கேமராவுக்குள்ள கலர சரி பண்ணுற வைட் பேலன்சும், பொறவு செய்யுற எடிட்டிங்கும் பாத்துக்கிடும். யூவி ஃபில்டரும் இன்னைக்கு லென்ஸ் முன்னால கீறல் விழாம இருக்க ஒரு மூடி, அவ்வளவுதான். அந்தக் கூட்டத்துல மிச்சம் இருக்குற ரெண்டு பேருதான் இந்த என்டியும் சிபிஎல்லும். ஏன்னா இவங்க செய்யுற வேலை வெளிச்சம் சென்சார்ல விழுறதுக்கு முன்னாடி நடக்கணும், விழுந்த பொறவு வீட்டுல உக்காந்து எடிட் பண்ணி அத கொண்டு வர முடியாது, வந்தாலும் பாதிதான் வரும்.

மொதல்ல என்டி. நான் இத கத்துக்கிட்டது திற்பரப்புல, அவமானப்பட்டு. அருவி தண்ணிய பட்டுத்துணி மாதிரி வழுவழுன்னு எடுக்கணும்னு ஆசை, ஷட்டர மெதுவா வச்சா போதும்னு எங்கயோ வாசிச்சிட்டு காலைல பதினொரு மணி வெயில்ல போய் நின்னுகிட்டு ஷட்டர அரை செகண்டுல வச்சு அமுக்கினேன். வந்தது வெள்ளைப் பேப்பர். அருவியும் இல்ல, பாறையும் இல்ல, குளிச்சிட்டு நின்ன ஆளுங்களும் இல்ல. அபெர்ச்சர, அதாவது லென்ஸுக்குள்ள வெளிச்சம் வர்ற ஓட்டைய, எஃப் 22 வரைக்கும் சுருக்கினேன் (எஃப் நம்பர் கூடக்கூட ஓட்டை சின்னது), சென்சார் வெளிச்சத்த எவ்வளவு தூக்கி காட்டணும்னு சொல்லுற ஐஎஸ்ஓவ 100க்கு இறக்கினேன், அப்பவும் வெள்ளைதான்.

கணக்கு சாதாரணம்தான். நல்ல வெயில்ல ஐஎஸ்ஓ 100, எஃப் 16ன்னா ஷட்டர் 1/100 செகண்டு பக்கத்துல வரும், இது பழைய போட்டோகிராபர்மாரு மீட்டர் இல்லாமலே வச்சிருந்த கணக்கு. எஃப் 11ன்னா 1/200. எனக்கு வேண்டியது 1/2. அதாவது நூறு மடங்கு அதிக நேரம், நூறு மடங்கு அதிக வெளிச்சம். பேச்சிப்பாறை டேம் ஷட்டர நெனச்சுக்கங்க, கேமராவுல அபெர்ச்சர் செய்யுற வேலையத்தான் அது செய்யுது, கால்வாய்க்கு இவ்வளவுதான் தண்ணி வேணும்னா ஒண்ணு ஷட்டர கொஞ்ச நேரம் நல்லா தூக்கணும், இல்லன்னா கொஞ்சமா தூக்கி ரொம்ப நேரம் விடணும். எனக்கு ரொம்ப நேரம்தான் வேணும், ஆனா அந்த டேம் ஷட்டர எவ்வளவு இறக்கினாலும் அதுக்கு மேல இறங்கல. அப்போ மேல இருந்து வர்ற தண்ணியவே கொறைக்கணும்லா, அந்த வேலைக்குத்தான் என்டி. அது வெளிச்சத்த கொறைக்குறதா சொல்லுவாங்க, நமக்கு கெடைக்குறது என்னமோ நேரம்.

பேருல இருக்குற நம்பர்தான் ஆளுகள கொழப்பும். என்டி 8ன்னா வெளிச்சம் எட்டுல ஒரு பங்கா கொறையும், என்டி 64ன்னா அறுபத்திநாலுல ஒரு பங்கு, என்டி 1000ன்னா ஆயிரத்துல ஒரு பங்கு. ஃபில்டர் இல்லாம வர்ற ஷட்டர் நேரத்த அந்த நம்பரால பெருக்குங்க, முடிஞ்சுது. 1/200 இருந்துதுன்னா என்டி 8 போட்டா 1/25, என்டி 64 போட்டா 1/3 பக்கம், என்டி 1000 போட்டா 5 செகண்டு. சில கம்பெனி இதையே ஸ்டாப் கணக்குல எழுதும், ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதி, அதனால என்டி 8ங்குறது 3 ஸ்டாப், என்டி 64 6 ஸ்டாப், என்டி 1000 10 ஸ்டாப். இன்னும் சில டப்பால 0.9, 1.8, 3.0ன்னு போட்டிருக்கும், அது ஸ்டாப்புக்கு 0.3 வீதம் கூட்டிக்கிட்டு போறது, 0.9ன்னா அதே 3 ஸ்டாப், அதே என்டி 8. ஒரே சாமானுக்கு மூணு பேரு. 0.9 டப்பாவ பாத்துட்டு "இது ரொம்ப லேசா இருக்கும்போல, 64ஐ எடு"ன்னு வாங்கிட்டு வந்தவங்க ஒருபாடு பேரு.

திற்பரப்புக்கு எது வேணும்னு கேட்டா, நேரத்த பொறுத்து. விடியக்காலம் வெயில் அருவி மேல விழுறதுக்கு முன்னால போனா எஃப் 11ல 1/15 பக்கம் கெடைக்கும், என்டி 8 போட்டா அரை செகண்டு, அது போதும். பதினொரு மணிக்குன்னா என்டி 64. என்னக் கேட்டா அருவிக்கு அரை செகண்டு, கூடிப்போனா ஒரு செகண்டு, அதுக்கு மேல போகக் கூடாது, போனா தண்ணியில நார் நாரா தெரியுற அந்த இழையெல்லாம் போயி வெறும் ஆவி மாதிரி ஆயிரும். இது எனக்க ரசனை, வேற ஆளு வேற சொல்லுவாங்க. இன்னொண்ணு, என்டி 1000 போட்டு ரெண்டு நிமிஷம் தொறந்து வச்சா கூட்டமே போட்டோல இருக்காதுன்னு சொல்லுவாங்கல்லா, நடந்துகிட்டே இருக்குற கூட்டத்துக்கு அது சரிதான். அருவிக்கு அடியில தலைய குடுத்துட்டு அசையாம நிக்குற ஆளுக்கு அது பலிக்காது, அவரு பாதி ஆளு பாதி புகையா பேய் மாதிரி நிப்பாரு.

என்டி 64, என்டி 1000 மாதிரி கட்டியானத மாட்டும்போது ஒரு முறை இருக்கு. மொதல்ல ஃபில்டர் இல்லாமலே டிரைபாடுல வச்சு ஃப்ரேம் பாத்து ஃபோகஸ் பண்ணிட்டு, ஃபோகஸ மேனுவலுக்கு மாத்திருங்க, ஏன்னா மாட்டின பொறவு கேமராவுக்கு கண்ணு சரியா தெரியாது, ஃபோகஸ தேடிகிட்டே கெடக்கும். ஃபில்டர் இல்லாமலே மீட்டர் பாத்து ஷட்டர குறிச்சுக்கங்க. பொறவு ஃபோகஸ் ரிங் நகராம பைய மாட்டி, பெருக்கின நேரத்த வையுங்க. 30 செகண்டுக்கு மேலன்னா பல்ப் மோடு, அதாவது நாம விடுற வரைக்கும் ஷட்டர் தொறந்தே கெடக்குற மோடு, கூட ஒரு ரிமோட்டு. டிரைபாடுல இருக்கும்போது கை நடுக்கத்த சமாளிக்குற ஸ்டெபிலைசேஷன ஆஃப் பண்ணிருங்க. டிஎஸ்எல்ஆர்னா, உள்ள கண்ணாடி வச்ச கேமரா அது, நாம கண்ண வச்சு பாக்குற அந்த வியூஃபைண்டர் வழியாவும் வெளிச்சம் உள்ள போகும், நீள எக்ஸ்போஷர்ல அது படத்துல வெளிறலா விழும், அத மூடிருங்க, ஸ்ட்ராப்புலயே சில கம்பெனி அதுக்கு ரப்பர் மூடி குடுத்துருப்பான், இல்லன்னா தொப்பிய கவுத்துருங்க. நாலு நிமிஷம் படம் எடுத்த பொறவு கேமரா இன்னொரு நாலு நிமிஷம் சும்மா நின்னா கேடாயிட்டுன்னு பயப்படாதீங்க, லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் ஆன்ல இருந்தா அது அப்படித்தான், இன்னொரு கறுப்பு படம் எடுத்து புள்ளிய கழிச்சுகிட்டு இருக்கும்.

முட்டத்துல ஒரு சாயங்காலம். சூரியன் இறங்கி இருபது நிமிஷம் ஆச்சு, லைட் ஹவுஸ் பக்கத்து பாறை, எஃப் 11ல 1/4 செகண்டு காட்டுச்சு. என்டி 64 போட்டா பதினாறு செகண்டு. போட்டேன், கடல் பாதி அலையும் பாதி பனியுமா வந்துது. ஆசை விடல, என்டி 1000 போட்டேன், நாலு நிமிஷத்துக்கு மேல வருது, அதுக்குள்ள இருட்டு வேற கூடிகிட்டே போகும், அதுக்கும் சேர்த்து ஆறு நிமிஷம் வச்சேன். கடல் பால் பாயசம் மாதிரி ஆயிட்டு. முட்டத்துக்கு வந்து முட்டத்து அலைய இல்லாம ஆக்கிட்டேனேன்னு எனக்கே ஒரு மாதிரி ஆச்சு. மறுநாள் அதே இடத்துல அரை செகண்டு வச்சு, அலை பாறையில மோதி திரும்பி வழியுற அந்த நேரம் பாத்து அமுக்கினேன், அதுதான் இப்போ வீட்டுல மாட்டியிருக்கு. அலை முன்னால வரும்போது அமுக்கினா வெறும் வெள்ளை கட்டி, பின்னால இறங்கும்போது அமுக்கினாத்தான் கோடு கோடா விழும்.

அன்னைக்கு வள்ளத்துக்கு பக்கத்துல வலை உணத்திகிட்டு இருந்த ஒரு பெரியவரு ரெண்டு தடவ கூப்பிட்டாரு, "மக்ளே, அந்த நனஞ்ச பாறையில நிக்காத, காஞ்ச பாறைக்கு ஏறு"ன்னு. நான் ரிமோட்ட புடிச்சுகிட்டு செகண்டு எண்ணிகிட்டு நிக்கேன். லாங் எக்ஸ்போஷர்ல இதுதான் பெரிய கேடு, கண்ணு ஸ்கிரீன்ல இருக்கும், காலு எங்க இருக்குன்னு தெரியாது. நனஞ்ச பாறைன்னா அங்க அலை வந்துருக்குன்னுதான அர்த்தம். நம்ம கரையில காத்து கூட இல்லாம திடீர்னு கடல் ஏறி வர்ற கள்ளக்கடல் உண்டு, எச்சரிக்கை வந்த நாள்ல ஃபில்டர் எல்லாம் வீட்டுலயே கெடக்கட்டும். பொறவு உப்பு. சாரல் பட்ட ஃபில்டர அப்படியே துணியால துடைக்காதீங்க, காஞ்ச உப்பு மணல் மாதிரி கீறும், நல்ல தண்ணியில நனச்ச துணியால ஒத்தி எடுத்துட்டுத்தான் துடைக்கணும்.

வேரியபிள் என்டின்னு ஒண்ணு வருது, சுத்தினா இருட்டு கூடும், சுத்தினா கொறையும், ஒரே ஃபில்டர்ல எல்லாம் முடிஞ்சுதுன்னு தோணும். உள்ள இருக்குறது ரெண்டு போலரைசர் ஒண்ணு மேல ஒண்ணா, லேப்டாப் ஸ்கிரீன் கறுத்த அதே வித்தைதான். வீடியோ எடுக்குறவங்களுக்கு இது ரொம்ப உபகாரம். செகண்டுக்கு 25 ஃப்ரேம்ல எடுத்தா ஷட்டர் 1/50 பக்கத்துல இருந்தாத்தான் ஆளு நடக்குறது நடக்குற மாதிரி இருக்கும், வெயில்ல எஃப் 4ல அது 1/1600க்கு ஓடிரும், நடை வெட்டி வெட்டி தெரியும், அஞ்சு ஸ்டாப் கொறைச்சா சரியா வந்துரும். ஆனா வைட் லென்ஸ்ல மாட்டி கடைசி வரைக்கும் சுத்தினீங்கன்னா படத்துக்கு குறுக்க பெருக்கல் குறி மாதிரி ஒரு கறுப்பு நிழல் விழும். நான் ஆன்லைன்ல விலை கொறஞ்ச ஒண்ண வாங்கி சொத்தவிளை பீச்சுல ஒரு கல்யாண ஜோடிக்கு அவுட்டோர் ஷூட்டுக்கு கொண்டு போனேன், கேமரா பின்னால உள்ள சின்ன ஸ்கிரீன்ல ஒண்ணும் தெரியல, வீட்டுக்கு வந்து பெருசா பாத்தா மாப்பிள்ள நெஞ்சு மேல பெருக்கல் குறி, பொண்ணு உடுத்தியிருந்த அரக்கு சேலை செங்கல் கலர். கலர் மாறுறதுதான் விலை கொறஞ்ச என்டியோட நிரந்தர வியாதி, கண்ணுக்கு தெரியுற வெளிச்சத்த தடுத்துட்டு கண்ணுக்கு தெரியாத இன்ஃப்ராரெட்ட அப்படியே விட்டுரும், கறுப்பு துணியெல்லாம் தவிட்டு கலரா விழும். RAW ஃபைலா, அதாவது சென்சார் பதிஞ்சத அப்படியே வைக்குற ஃபைலா எடுத்தா கொஞ்சம் சரி பண்ணலாம், ஜேபெக்ல எடுத்துட்டீங்கன்னா அம்போதான். அந்த பொண்ணோட அம்மாவுக்கு நான் சொன்ன சமாதானத்த இங்க எழுத மாட்டேன்.

கன்னியாகுமரிக்கு சூரிய உதயம் எடுக்க போறவங்க கேக்குறது பாதி என்டி, பாதி சும்மா கண்ணாடியா இருக்குற கிராஜுவேட்டட் ஃபில்டர். மேல வானம் ரொம்ப வெளிச்சம், கீழ கடல் இருட்டு, மேல்பாதிய மட்டும் கொறைக்குறதுக்கு. வெறும் கடல்னா நேர்கோடா இருக்கும், கச்சிதமா உக்காரும். ஆனா நம்ம ஊரு ஃப்ரேம்ல நடுவுல 133 அடி வள்ளுவர் நிக்குறாரு, பக்கத்துல விவேகானந்தர் பாறை, அந்தக் கோட்டுக்கு மேல உள்ளவரு பூரா சேர்ந்து கறுத்துருவாரு. நிழலுருவமா எடுக்கணும்னா அது பிரச்சனை இல்ல, இல்லன்னா இந்த ஃபில்டர விட்டுட்டு டிரைபாடுல வச்சு வெளிச்சம் கூட்டி ஒண்ணு கொறச்சு ஒண்ணுன்னு மூணு படம் எடுத்து பொறவு சேக்குறதுதான் நல்லது. டிஜிட்டல் வந்த பொறவு இந்த ஒரு ஃபில்டருக்கு மவுசு கொறஞ்சது நியாயம்தான்னு நான் நெனைக்கேன். ஒரு எச்சரிக்கை, என்டி 1000 போட்டாச்சுன்னு டிஎஸ்எல்ஆர் வியூஃபைண்டர் வழியா சூரியன நேரா பாக்காதீங்க, அது கண்ணுக்கு பாதுகாப்பு இல்ல, கண்ணுக்கு தெரியாத கதிர் வந்துகிட்டேதான் இருக்கும். 2010 ஜனவரி 15ல கங்கண கிரகணம் நம்ம மாவட்டத்து மேல வந்தப்போ பாத்துருப்பீங்க, அதுக்குன்னு தனி சோலார் ஃபில்டர் இருக்கு, அது வேற ஜாதி.

இனி சிபிஎல். என்டிக்கு கணக்கு தெரிஞ்சா போதும், இதுக்கு எங்க நிக்குறோம்னு தெரியணும்.

கரையில நின்னு கரமடி வலை இழுக்குறத பாத்துருக்கீங்களா, ரெண்டு பக்கமும் ஆளுங்க நின்னு நீள கம்பாவ, அதான் வலையோட கயித்த, இழுப்பாங்க. அந்த கயித்த ஒருத்தரு மேலயும் கீழயும் ஆட்டினா அலை மேலயும் கீழயுமா ஓடும், இடமும் வலமுமா ஆட்டினா அப்படி ஓடும். வெளிச்சமும் அதே மாதிரி ஒரு அதிர்வுதான், சூரியன்ல இருந்து நேரா வர்ற வெளிச்சம் எல்லா திசையிலயும் கலந்து கட்டி ஆடிகிட்டு வரும். இப்போ அந்த கயித்த ஒரு ஜன்னல் கம்பிக்குள்ள விட்டு ஆட்டினா, நெட்டையா நிக்குற கம்பிக்கு நடுவுல மேல கீழ ஆட்டம் மட்டும்தான் அந்தப் பக்கம் போகும், பக்கவாட்டு ஆட்டம் கம்பியில தட்டி நின்னுரும். போலரைசர் அந்த ஜன்னல்.

சரி, எல்லா திசையும் கலந்து வந்தா பாதிய தடுக்கும், அது வெறும் என்டி 2 மாதிரிதானேன்னு கேப்பீங்க. சூட்சுமம் எங்கன்னா, தண்ணி, கண்ணாடி, இலை மாதிரி பளபளப்பு மேல பட்டு சாய்வா திரும்புற வெளிச்சம் மட்டும் பெரும்பாலும் ஒரே திசை ஆட்டமா மாறிரும். தண்ணி மேல பட்டா படுக்க வாட்டத்துல. 1808ல பாரிஸ்ல எத்தியேன் மாலுஸ்னு ஒருத்தரு எதிர்ல இருந்த அரண்மனை ஜன்னல் கண்ணாடியில அடிச்ச சாயங்கால வெயில ஒரு படிகத்து வழியா பாத்துட்டு, படிகத்த சுத்த சுத்த அந்த பளபளப்பு மங்குறத கண்டாரு, கதை அங்கதான் தொடங்குது. நம்ம ஃபில்டர் அந்த ஒரு திசை ஆட்டத்துக்கு குறுக்க ஜன்னல் கம்பிய திருப்பி வச்சா பளபளப்பு மட்டும் நின்னுரும், அதுக்கு அடியில இருக்குற நெசமான கலர் உள்ள வரும். எடிட்டிங்ல இத செய்ய முடியாதுன்னு சொன்னது இதுக்குத்தான், பளபளப்பு விழுந்த எடத்துல அடியில என்ன இருந்துதுங்குற சேதியே சென்சாருக்கு வந்து சேரலியே, பொறவு எங்க இருந்து எடுக்குறது.

இது எவ்வளவு வேலை செய்யும்ங்குறது சாய்வ பொறுத்தது. தண்ணிக்கு செங்குத்துல இருந்து 53 டிகிரி, கண்ணாடிக்கு 56 பக்கம், அந்த சாய்வுல பிரதிபலிப்பு கிட்டத்தட்ட முழுசா போயிரும். டிகிரி எல்லாம் யாரு அளக்குறா, உங்க கண்ணுக்கு அஞ்சடி கீழ தண்ணி மட்டம் இருந்தா, உங்க காலுல இருந்து ஆறேழு அடி தள்ளி உள்ள தண்ணிய பாருங்க, அந்த எடம்தான். தேரூர் குளத்துல அந்த தூரத்துல தண்ணிக்கடியில கெடக்குற பாசி, மீன் குஞ்சு வரைக்கும் தெரியும். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டு தூண்டில் போடுறவங்களுக்கு இது தெரிஞ்ச வித்தை. கன்னியாகுமரி கண்ணாடிப் பாலத்துல நேரா காலுக்கு கீழ கேமராவ கவுத்தா சிபிஎல் ஒரு பிரயோஜனமும் இல்ல, அதுவே ஏழெட்டு அடி முன்னால உள்ள கண்ணாடிய சாய்வா பாத்தா மேகத்தோட நிழல் போயி கீழ கடல் தெளிவா வரும்.

சிபிஎல்ல மாட்டிகிட்டு எல்லாத்தையும் சுத்தி அழிச்சிரக் கூடாதுன்னு எனக்கு புத்தி வந்தது சுசீந்திரத்துல. தெப்பக்குளத்துல ஏழு நிலை கோபுரம் தலைகீழா விழுந்து கெடக்கு, காத்து இல்ல, படிக்கட்டுல உக்காந்து நிதானமா எடுத்துட்டு வந்தேன். வீட்டுல பாத்தா கோபுரம் பாதிக்கு மேல மங்கி, குளத்து பச்சை தண்ணி மட்டும் நல்லா பளிச்சுன்னு நிக்கு. காலைல வானத்துக்கு சுத்தி வச்சத அப்படியே விட்டுட்டேன். கால் சுத்து சுத்தியிருந்தா கோபுரம் இன்னும் அழுத்தமா வந்துருக்கும், ஏன்னா பிரதிபலிப்ப அழிக்குற அதே ஃபில்டர் கால் சுத்து தள்ளி வச்சா மத்த வெளிச்சத்த கொறச்சு பிரதிபலிப்ப தூக்கி காட்டும். பத்மநாபபுரம் அரண்மனையில அந்த கறுப்பு தரைய பாக்கும்போதும் இதேதான், பளபளப்ப எடுத்துட்டா அது வெறும் கறுப்பு தரை. அந்த மினுக்கத்துக்காகத்தான தேங்கா சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேத்து இழைச்சாங்கன்னு இன்னைக்கும் சொல்லிகிட்டு இருக்கோம்.

எனக்கு சிபிஎல் அதிகமா ஒதவுறது வானத்துக்கு இல்ல, இலைக்கு. நம்ம மேற்கு பக்கம் மழை விட்ட உடனே ரப்பர் தோட்டத்துலயோ வாழைத் தோப்புலயோ நின்னு எடுத்து பாருங்க, ஒவ்வொரு இலை மேலயும் வானம் வெள்ளையா படிஞ்சு கெடக்கும், பச்சை வெளுத்து போயிருக்கும். சிபிஎல்ல பைய சுத்துங்க, ஒரு எடத்துல அந்த வெள்ளை பூரா வடிஞ்சு பச்சை குபுக்குன்னு ஏறும். மேகமூட்டத்துலயும் இது வேலை செய்யும். காளிகேசம் பக்கம் ஓடை எடுக்கும்போது சிபிஎல் மட்டும் போட்டா நனஞ்ச பாறை பளபளப்பும் போகும், ஒன்றரை ரெண்டு ஸ்டாப் வெளிச்சமும் கொறையும், மர நிழல்ல அதுவே அரை செகண்டுக்கு போதுமான என்டியா ஆயிரும். கல்யாணத்துல பொண்ணு மொகத்துல வேர்வை மினுக்கத்தையும் கொறைக்கும், ஆனா நகை மினுக்கம் போகாது, ஏன்னா வெறும் உலோகத்துல பட்டு திரும்புற வெளிச்சம் இந்த மாதிரி ஒரு திசைக்கு மாறுறதில்ல. குத்துவிளக்குக்கு முன்னால எவ்வளவு சுத்தினாலும் ஒண்ணும் நடக்காது.

வானத்துக்கு வருவோம். நீல வானம் சூரியனுக்கு 90 டிகிரி பக்கவாட்டுலதான் நல்லா கறுக்கும். கைய துப்பாக்கி மாதிரி வச்சு ஆள்காட்டி விரல சூரியனுக்கு நேரா நீட்டி, கட்டைவிரல விரிச்சு கைய திருப்புங்க, கட்டைவிரல் போற வழி பூரா வானத்துல நல்லா கறுக்குற அந்தப் பட்டை. உதய சூரியன நேரா எடுக்க சிபிஎல் போட்டு நிக்குறவங்கள முக்கடல் சங்கமத்துல பாக்கேன், வெளிச்சம் வீணா போறது தவிர ஒண்ணும் இல்ல. காலைலயும் சாயங்காலமும் தெக்க வடக்க பாருங்க. நாகர்கோவில் பக்கம் நின்னு வடக்க மலைய எடுத்தா, மருந்துவாழ் மலைய தெக்க இருந்து எடுத்தா, மங்கல் கொறஞ்சு மலை மடிப்பெல்லாம் தெரியும். ஆரல்வாய்மொழி காத்தாடிய, அதான் கரண்டு எடுக்குற காத்தாலைய, நீல வானத்துல வெள்ளையா தூக்கி காட்டவும் அதே நேரம், ஆடிக்காத்துல டிரைபாடுல பேக்க தொங்க விட்டுருங்க. நாம 8 டிகிரி வட அட்சரேகையில கெடக்குறதால ஏப்ரல் நடுவுக்கு முன்னயும் செப்டம்பர் தொடக்கத்துலயும் மத்தியானம் சூரியன் நேரா உச்சந்தலைக்கு வரும், அப்போ அந்தப் பட்டை சுத்தி அடிவானத்துல இருக்கும், எந்தப் பக்கம் திரும்பினாலும் சிபிஎல் புடிக்கும், கடல் மூட்டம் இல்லாத நாளா இருக்கணும் அவ்வளவுதான். ரொம்ப வைட் லென்ஸ்ல பட்டை மட்டும் கறுத்து ரெண்டு பக்கமும் வெளுத்து, வானத்துல கறை புடிச்ச மாதிரி வரும், பனோரமாவுக்கும் அதே கதி, அங்க கழட்டிருங்க. வானவில்ல இத வச்சு சுத்தினா ஒரு பக்கம் கலர் ஏறும், மறுபக்கம் வானவில்லே காணாம போகும், வெளாட்டுக்காவது ஒரு தடவ செஞ்சு பாருங்க.

கேமராவ நெட்டையா திருப்பினா சிபிஎல்லயும் திரும்ப சுத்தணும், மறந்துராதீங்க. சுத்தும்போது மாட்டுன பக்கமாவே சுத்துங்க, எதிர்பக்கம் சுத்தினா மரை கழண்டு வரும், கடல் ஓரத்துல நின்னா மிச்சம் சொல்ல வேண்டாம். பழைய கடையில லீனியர் போலரைசர் விலை கொறச்சு கெடைக்கும், படத்துல வித்தியாசம் இருக்காது, ஆனா டிஎஸ்எல்ஆர் கண்ணாடியில மீட்டரும் ஆட்டோஃபோகஸும் ஏமாறும். சர்க்குலர்ல பின்னால ஒரு படலம் சேத்து அத சரி பண்ணியிருக்காங்க. சர்க்குலர்ங்குறது வட்டமா இருக்குறதுக்கு சொல்லுறது இல்ல, எனக்க மச்சினன் அப்படித்தான் நெனச்சிருந்தான்.

வாங்குறதா இருந்தா, லென்ஸ் முன்னால வட்டத்துல ஒரு கோடு போட்ட குறி பக்கத்துல 58, 67, 77ன்னு இருக்கும், அது மில்லிமீட்டர்ல மரை அளவு. உங்க கையில உள்ள பெரிய லென்ஸுக்கு ஒண்ணு வாங்கிட்டு சின்னதுக்கு ஸ்டெப் அப் ரிங் போட்டுக்கங்க, ரிங் சல்லிசு. மொதல்ல சிபிஎல், பொறவு என்டி 64, என்டி 1000 எல்லாம் ஒரு வருஷம் கழிச்சு பாத்துக்கலாம்.

மச்சினனும் அன்னைக்கே திற்பரப்புக்கு கொண்டு போய் ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணா இறுக்கி மாட்டிட்டான், நாலு மூலையும் கறுப்பா வந்ததும் கழட்ட பாத்தா வரல. சாயங்காலம் லென்ஸோட வந்து நிக்கான், அமுக்கி அமுக்கி திருகினதுல விரல் செவந்து கெடக்கு. அமுக்க அமுக்க வளையம் நெளிஞ்சு இன்னும்தான் இறுகும். ரப்பர் நாட்டுல பொறந்துட்டு இதுக்கா கஷ்டப்படணும்னுட்டு, அவங்க வீட்டுல ரப்பர் ஷீட்ட புகை போட்டு காய வைக்குற புகைப்புரையில இருந்து காஞ்ச ஷீட்டுல ரெண்டு விரல் அகலத்துக்கு நறுக்கி கொண்டு வரச் சொல்லி, அத ஃபில்டர சுத்தி கட்டி, லேசா புடிச்சு திருப்பினேன், சத்தமே இல்லாம வந்துட்டு. அந்த ரப்பர் துண்டு இன்னும் எனக்க கேமரா பேக்ல புகை வாசனையோட கெடக்கு.